வளைகிற லேத்தில் வட்டமான துளை

லேத் என்பது உலோகத்தைச் சுழலவிட்டு டூலால் கடையும் இயந்திரம். சின்ன லேத்தில் வெளிப்பக்கம் கடையலாம், உள்பக்கம் துல்லியமாகக் கடைய வராது என்றொரு பேச்சு இருக்கிறது. மேசைமேல் வைக்கக்கூடிய, நாற்பது கிலோ அளவு பாரமுள்ள சீனத்து லேத்துகளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. எனக்கு இதில் உடன்பாடில்லை. 35 மில்லிமீற்றர் துளை ஒன்றை நூறில் ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் இந்த லேத்தில் எடுக்கலாம். அதிர்ஷ்டத்துக்கு ஒருமுறை அல்ல, நினைத்த நேரமெல்லாம் எடுக்கலாம். இந்த இயந்திரம் வளையும், அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் முக்கியமான வெட்டுகளில் அது ஒரே அளவு வளையும்படி செய்துவிடலாம். அது கைக்கு வந்துவிட்டால் அளவு தானாக வந்து சேரும்.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில்தான் என் லேத் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டைப் பார்த்தாலும் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் ஒரு டாங்கி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மோட்டர். அந்த மோட்டரின் தண்டைத் தாங்கும் பெயாரிங் தேய்ந்தால் கவலையில்லை, பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கி மாட்டிவிடலாம். பெயாரிங் உட்காரும் அலுமினிய மூடி தேய்ந்தால்தான் சிக்கல். வெளிவளையம் தன் குழிக்குள்ளேயே சுற்றத் தொடங்கும், குழி பெருக்கும், மோட்டர் அலறும். மூடியைத் தனியாக யாரும் விற்பதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 அளவுக்கு ஏறிய பிறகு, இதற்காகப் புது மோட்டர் வாங்கு என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. குழியைப் பெரிதாக்கி, வார்ப்பிரும்பு புஷ் (வளையக் குழல்) ஒன்றை இறுக்கி, அதற்குள் புதிதாகக் கடைந்து கொடுத்தால் அந்த மோட்டர் இன்னும் பல வருடம் ஓடும். வீட்டு லேத் வைத்திருப்பவர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறொன்றுமில்லை. அந்த வேலையின் உயிர் முழுவதும் அந்த ஒரு துளையில்தான் இருக்கிறது.

ட்ரில் போட்டு எடுத்த துளையை நான் ஆரம்பமாக மட்டுமே பார்க்கிறேன். ட்ரில்லின் இரண்டு வெட்டு விளிம்புகளும் ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் இருப்பது அரிது. அதன் நுனி வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. அதனால் துளை ட்ரில்லைவிடப் பெரிதாகும், வட்டம் கெட்டுச் சற்று மூலையாகும், உள்ளே போகப் போக அச்சும் விலகும். துளையைச் சீவி அளவாக்கும் ரீமர் போட்டால் அளவு சரியாகும், மினுமினுப்பும் வரும், ஆனால் ரீமர் ஏற்கெனவே இருக்கிற துளையைப் பின்பற்றித்தான் போகும். கோணல் துளைக்கு ரீமர் போட்டால் கிடைப்பது அழகான கோணல் துளை. ஒற்றை முனை டூலால் உட்கடைசல் செய்யும்போதுதான் துளை தன் அச்சை லேத்தின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் இருந்து எடுத்துக்கொள்கிறது.

அதுவும் ஒரே வெட்டில் நடப்பதில்லை. துளை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் டூல் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டும். அதிகம் வெட்டும் பக்கத்தில், டூலைத் தாங்கும் போரிங் பார் கூடுதலாக வளையும். ஆகவே பழைய கோணலின் ஒரு சிறு பங்கு புதிய துளைக்கும் வந்துவிடும். அடுத்த வெட்டில் அந்தப் பங்கு இன்னும் குறையும். ட்ரில் அளவுக்கும் இறுதி அளவுக்கும் இடையில் நாலைந்து வெட்டுக்காவது உலோகம் விட்டுவைக்கச் சொல்வது இதனால்தான்.

போரிங் பார் என்பது ஒரு பக்கம் மட்டும் பிடித்த தடி. தூண்டில் தடியைப் போல நுனியில் இழுத்தால் வளையும். எவ்வளவு வளையும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வெளியே நீட்டியிருக்கும் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளைவு கூடும், விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். இந்த ஒரு வரியை லேத்துக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டலாம். 10 மி.மீ. பாரை மாற்றி 12 மி.மீ. பார் போட்டால் விறைப்பு இரண்டு மடங்காகிறது. 60 மி.மீ. நீட்டியிருந்த பாரை 40 மி.மீட்டருக்கு உள்ளே தள்ளினால் மூன்று மடங்குக்கும் மேல் விறைக்கிறது, செலவு ஒரு சதமும் இல்லை.

எண்ணிலேயே பார்ப்போம். 12 மி.மீ. உருக்குப் பார், 50 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது. டூலை மையத்தை நோக்கித் தள்ளும் விசை ஐந்து கிலோ அளவு என்று வைத்துக்கொண்டால், நுனி ஏறத்தாழ 0.01 மி.மீ. விலகும். ஆரத்தில் 0.01 என்றால் விட்டத்தில் 0.02. பெயாரிங் குழிகளுக்கு வழமையாகப் போடும் எச் 7 என்ற தர அளவுப் பொருத்தத்தில் 35 மி.மீ. துளைக்கு அனுமதிக்கும் முழு வித்தியாசமே 0.025 மி.மீ.தான். பாரின் வளைவு மட்டுமே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பாரைப் பிடிக்கும் டூல் போஸ்ட், அதை நகர்த்தும் ஸ்லைட், ஸ்பிண்டில் எல்லாம் தங்கள் பங்கை இதற்கு மேல் சேர்க்கும். அதே பாரை 70 மி.மீ. நீட்டினால் அந்த 0.01 என்பது 0.027 ஆகிவிடுகிறது. உருக்குப் பாரை அதன் விட்டத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் நீட்டாதே என்று சொல்வது இதற்காகத்தான். கார்பைட் என்ற கடின உலோகப் பார் உருக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பு, அதனால் ஆறு மடங்கு வரை போகலாம். விலை கூட. ஆனாலும் ஒரே ஒரு நல்ல சாமான் வாங்கக் காசு இருந்தால் அதை இதில் போடுங்கள் என்றே சொல்வேன்.

ஒருபக்கப் பிடி என்ற இந்தப் பிரச்சினை எவ்வளவு பழையது என்று நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கும். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் பல வருடம் ஒழுங்காக ஓடாமல் கிடந்ததற்கு ஒரு பெரிய காரணம், வட்டமான சிலிண்டர் செய்ய ஆளில்லாததுதான். பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. 1774 இல் பீரங்கி துளைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்த ஜோன் வில்கின்சன், அடுத்து சிலிண்டருக்கென்று ஒரு இயந்திரம் செய்தார். அதில் போரிங் பார் சிலிண்டருக்கு ஊடாகப் போய் இரண்டு முனையிலும் தாங்கப்பட்டது. 50 அங்குலச் சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிப்பைத் தாண்டவில்லை என்று வாட்டின் பங்காளி போல்ட்டன் எழுதினார். இன்றைய கண்ணுக்கு அது பெரிய பிழை. அன்றைக்கு அது ஒரு யுகத்தையே தொடக்கிவைத்தது. அதே வேலையைச் சின்ன லேத்திலும் செய்யலாம். பாரை இரண்டு சென்டருக்கு (கூர்முனைத் தாங்கிக்கு) நடுவில் சுழலவிட்டு, வேலைத்துண்டை கரியேஜ் என்ற நகரும் மேடைமேல் கட்டி நகர்த்த வேண்டும். நீளமான துளைக்கு அதைவிட நல்ல வழியில்லை. பெயாரிங் குழி 11 மி.மீ. ஆழம்தான், அதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை.

உட்கடைசலுக்குச் சாதகமான ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நீளத் தடியொன்றை வெளிப்பக்கம் கடையும்போது, அதைப் பிடிக்கும் சக்குக்குக் கிட்டத் தடி விறைப்பு, தூரத்தில் தளர்வு, அதனால் தடி ஒரு பக்கம் தடித்துவிடும். போரிங் பாரின் நீட்டம் வெட்டு முழுவதும் மாறுவதில்லை. துளையின் வாயிலும் அதே வளைவு, அடியிலும் அதே வளைவு. ஆகவே துளை வாயில் ஓர் அளவும் அடியில் ஓர் அளவுமாக வந்தால் பாரைத் திட்டவேண்டாம். ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டொக் லேத்தின் படுக்கைக்கு நேராக இல்லை, அல்லது டூல் வெட்டின் நடுவிலேயே மழுங்கிவிட்டது. இரண்டையும் திருத்த முடியும்.

டூல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். முனை மையத்துக்கு மயிரளவு மேலே இருக்கட்டும். வெட்டும்போது பார் கீழே அமுங்கி மையத்துக்கு வரும். உட்கடைசலில் முனை மையத்துக்குக் கீழே போனால் டூலின் வயிறு துளையில் உரசும். கூர் முக்கியம். பெரிய தொழிற்சாலை லேத்துக்குச் செய்த கார்பைட் இன்சேர்ட்டின் (மாற்றக்கூடிய வெட்டுமுனையின்) விளிம்பு சற்று மழுக்கப்பட்டிருக்கும், சின்ன லேத் கொடுக்கும் மெல்லிய வெட்டுக்கு அது வெட்டாது, தேய்க்கும். அலுமினியத்துக்கென்று பளபளப்பாகத் தீட்டிய இன்சேர்ட், அல்லது கையால் தீட்டிய எச்.எஸ்.எஸ். (அதிவேக உருக்கு) முனை இரண்டும் நல்லவை. நுனி உருண்டை 0.2 மி.மீ. போதும். உருண்டை பெரிதானால் பாரை மையப்பக்கம் தள்ளும் விசையும் கூடும். கிறீச்சென்று சத்தம் வந்தால் சுழலும் வேகத்தைக் குறைத்து, ஊட்டத்தை, அதாவது டூல் ஒரு சுற்றுக்கு நகரும் தூரத்தை, கூட்டுங்கள், பயந்து வெட்டைக் குறைக்கவேண்டாம். அலுமினியத்துக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் போதும். வார்ப்பிரும்பை உலரவே கடையலாம், தூளைப் படுக்கையில் விடாமல் துடைத்துவிட வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பஞ்சிகாவத்தையில் பெரிய லேத்தோடு வாழ்நாளெல்லாம் வேலை செய்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், நான் என் லேத்தின் குறைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கையில் இருந்த துணியால் பெரிய சக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, மெசின் சின்னன் எண்டா என்ன? கடைசி மூண்டு வெட்டையும் ஒரே அளவா வை. ஒண்டு பெரிசு ஒண்டு சின்னன் எண்டா அது உன்னை ஏமாத்திப்போடும்.”

“கடைசி வெட்டை மெல்லிசா வைக்கச் சொல்லித்தானே ஐயா எல்லாரும் சொல்லுகினம்?”

“மெல்லிசா வைச்சா அது எவ்வளவு எடுக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ? அதுக்கும் தெரியாது.”

அவர் சொன்னதன் உள்ளே இருக்கும் கணக்கு இதுதான். ஆழமாக வெட்டும்போது பார் அதிகமாக வளைந்திருக்கும். அடுத்த வெட்டை மெல்லியதாக வைத்தால் விசை குறையும், பார் நிமிரும், ஆழம் காட்டும் டயலில் வைத்ததைவிடக் கூடுதலாக வெட்டும். இன்னும் மெல்லியதாக்கினால், முனையின் கூருக்கு எட்டாத அளவாகிவிட்டால், ஒன்றும் வெட்டாமல் தேய்த்துவிட்டுப் போகும். கூடவும் எடுக்கலாம், ஒன்றும் எடுக்காமலும் விடலாம். 0.02 மி.மீட்டருக்காக டயலைத் தொட்டுத் தொட்டுத் திருப்புபவர்களின் துளை திடீரென்று பெருத்துப்போவதன் காரணம் இதுதான்.

மூடியில் நான் செய்வதைச் சொல்கிறேன். புஷ்ஷின் உட்பக்கத்தைப் பருமட்டாக 34.3 அளவுக்கு வேகமாக எடுத்துவிடுவேன். அங்கிருந்து மிச்சம் முழுவதையும் ஏறத்தாழச் சமமான மூன்று வெட்டுகளாகப் பிரிப்பேன். முதல் வெட்டுக்கு டயலில் விட்டத்துக்கு 0.20 வைத்தால், அளந்து பார்க்கும்போது 0.23 போயிருக்கும். பருமட்டு வெட்டில் வளைந்திருந்த பார் நிமிர்ந்ததன் கணக்கு அந்த 0.03. இரண்டாவதற்கும் அதே 0.20. இப்போது அளந்தால் 0.20 தான் போயிருக்கும், ஏனென்றால் இரண்டு வெட்டிலும் வளைவு ஒன்றுதான். அந்த இரண்டாம் அளவைப் பார்க்கும் கணத்தில்தான் லேத் என் சொல் கேட்கிறது என்று தெரியும். மூன்றாவதற்கு மிச்சம் 0.27 இருந்தால் 0.27 வைப்பேன். 0.20 இற்கும் 0.27 இற்கும் இடையில் வளைவு பெரிதாக மாறாது. ஊட்டமும் வேகமும் மூன்று வெட்டுக்கும் ஒன்றே. டயலை எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்து வந்து நிறுத்துவேன். உட்கடைசலில் வெட்டு கூட்ட ஸ்லைட் நம்மை நோக்கி வரும், திருகின் ஆட்டம் வெளிக்கடைசலுக்கு நேரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். வெட்டு முடிந்ததும் சுழற்சியை நிறுத்திவிட்டுத்தான் டூலை வெளியே எடுப்பேன். மெல்லிய கோடொன்று விழும், அது ஒன்றும் செய்யாது.

டயலை நகர்த்தாமல் இன்னொருமுறை ஓடவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. பருமட்டு வேலையில் செய்யுங்கள். இறுதி அளவில் நான் செய்வதில்லை. அது எவ்வளவு எடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது, முன்கூட்டிச் சொல்ல முடியாத வெட்டு எனக்கு வேண்டாம்.

டயலின் கோடுகள் போதாமல் இருந்தால் கோணம் திருப்பக்கூடிய மேல் ஸ்லைட்டான கொம்பவுண்ட் ஸ்லைட்டை லேத்தின் அச்சில் இருந்து 5.7 பாகை திருப்பி வையுங்கள். அந்தக் கோணத்தின் சைன் பெறுமானம் பத்தில் ஒன்று. கொம்பவுண்ட்டில் 0.1 நகர்த்தினால் ஆழத்தில் 0.01 மட்டும் நகரும். டூல் துளையின் நீளவாக்கிலும் கிட்டத்தட்ட அதே 0.1 நகரும் என்பதால், அடிமட்டமுள்ள குழியில் அதற்கு இடம் விட வேண்டும்.

அளவு சரியாக வந்தும் துளை வட்டமில்லாமல் போக ஒரு வழி இருக்கிறது, அதுதான் மிகவும் பொல்லாதது. மெல்லிய வளையத்தை மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் மூன்று இடத்தில் அது உள்ளே அமுங்கும். அமுங்கிய நிலையில் நாம் முழு வட்டமாகக் கடைகிறோம். சக்கைத் தளர்த்தியதும் அமுங்கிய இடங்கள் பழைய நிலைக்குத் திரும்பும், துளை மூன்று முகமாகும். இதை வேர்னியர் அளவுகோலால் கண்டுபிடிக்க முடியாது. உள்மைக்ரோமீற்றரின் இரண்டு முனையாலும் முடியாது. மூன்று முக வடிவத்தில் ஒரு முகட்டுக்கு நேரெதிரே ஒரு பள்ளம் இருக்கும், அதனால் எந்தத் திசையில் குறுக்காக அளந்தாலும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். அளவு சரி, வட்டம் பிழை. பெயாரிங் போட்டால் அதன் வெளிவளையமும் அந்த வடிவத்துக்கு நசிந்து சீக்கிரம் சத்தம் போடும். மூன்று கால் உள்ள போர் கேஜ் என்ற துளை அளவி இதைப் பிடித்துவிடும், ஆனால் அது விலையான சாமான். நான் லேத்திலேயே ஒரு பிளக் (உருளைத் துண்டு) கடைந்து, மைக்ரோமீற்றரால் அளந்து, நீல மையை மெல்லிதாகப் பூசி உள்ளே விட்டுத் திருப்பிப் பார்க்கிறேன். மை முழுச் சுற்றிலும் பட்டால் வட்டம். மூன்று கீலமாகப் பட்டால் எப்படி இறுக்கினோம் என்று யோசிக்க வேண்டும்.

மோட்டர் மூடியைச் சக்கில் பிடிக்கவே கூடாது என்பது என் முடிவு. மூடி மோட்டர் உடலில் பொருந்தும் இடத்தில் ஓர் உதடு இருக்கும். பெயாரிங்கின் மையம் அந்த உதட்டின் மையமாகத்தான் இருக்க வேண்டும். தேய்ந்த குழியைப் பார்த்து மையம் எடுத்தால் தேய்மானத்தின் மையம்தான் கிடைக்கும். அதனால் ஸ்பிண்டிலோடு சுழலும் ஃபேஸ் பிளேட்டில் ஓர் அலுமினியத் தட்டைப் பூட்டி, உதடு சரியாக உட்காரும் ஒரு பள்ளத்தை அதே இடத்தில் கடைந்து, மூடியை அதில் வைத்து நீளவாக்கில் திருகாணிகளால் அழுத்துகிறேன். பக்கவாட்டில் எதுவும் நெரிக்காது. பழைய குழியைப் பெரிதாக்குவது, புஷ்ஷை இறுக்குவது, புஷ்ஷின் உள்ளே கடைவது எல்லாம் கழற்றாமல் அதே பிடியில் நடக்கும். புஷ்ஷின் வெளிவிட்டம் குழியைவிட 0.04 அளவு பெரிதாக இருக்கட்டும், சூடேறும்போது அலுமினியம் கூடுதலாக விரிந்தாலும் பிடி தளராது.

வெப்பம் கொழும்பில் சாதாரண விஷயமல்ல. அளவுக் கருவிகளின் அளவு 20 பாகையில் சொல்லப்படுகிறது, என் விறாந்தையில் மத்தியானம் 30 பாகைக்குக் குறைவதில்லை. அலுமினியம் உருக்கைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 35 மி.மீ. அலுமினியத் துளையில் பத்துப் பாகைக்கு 0.008 மி.மீ. கூடும். மோட்டர் ஓடி நாற்பது பாகை சூடேறினால் அலுமினியக் குழி பெயாரிங்கைவிட 0.015 மி.மீ. அதிகம் விரிகிறது. அந்தக் குழிகள் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வார்ப்பிரும்பு புஷ் போடுவதும் இதனால்தான், அதன் விரிவு பெயாரிங் உருக்கோடு ஒத்துப்போகும். அளப்பதில் வெப்பத்தின் தொல்லையைத் தவிர்க்க ஒரு வழி, 35 என்ற எண்ணையே துரத்தாமல் இருப்பது. புது பெயாரிங்கை லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதே மைக்ரோமீற்றரால் அளந்து, நீண்டு சுருங்கும் டெலஸ்கோப்பிக் கேஜால் துளையில் எடுத்த அளவையும் அதே மைக்ரோமீற்றரில் வாசிக்கிறேன். 6202 என்ற எண்ணுடைய இந்தப் பெயாரிங்கின் வெளிவிட்டம் 35 இலிருந்து 0.011 வரை குறைவாக இருக்க இடமுண்டு. எனக்குத் தேவை அந்தப் பெயாரிங்குக்கும் இந்தத் துளைக்கும் இடையிலான வித்தியாசம் மட்டும். கடைந்த சூட்டோடு அளக்க வேண்டாம். உலோகத்தின்மேல் கையை வைத்தால் சூடும் குளிரும் தெரியாத நிலை வரட்டும்.

டெலஸ்கோப்பிக் கேஜும் மைக்ரோமீற்றரும் பழைய சோனகத் தெருக் கடைகளில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது கேஜின் முனைகள் உருண்டையாக இருக்கின்றனவா, தட்டையாகத் தேய்ந்துவிட்டனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடற்காற்று இருக்கிற பக்கமென்றால் வேலை முடிந்தவுடன் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வைக்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு இரவு போதும், பிளக்கின்மேல் துரு பூத்துவிடும். துருப் பிடித்த பிளக் வைத்து வட்டம் பார்க்க முடியாது.

பெயாரிங்கை மாட்டும்போது மூடியைக் கொதிநீரின் சூட்டுக்குக் கொண்டுவந்தால் துளை இருபது முப்பது மைக்ரோன் விரிந்து, பெயாரிங் கை அழுத்தத்திலேயே இறங்கிவிடும். நீரில் போட்டால் நன்றாக உலர்த்திய பிறகு மாட்டுங்கள். அழுத்த வேண்டி வந்தால் வெளிவளையத்தில் மட்டும் அழுத்துங்கள், உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் தங்கள் பாதையில் பள்ளம் போட்டுவிடும். ஃபேஸ் பிளேட்டில் கடைந்த அந்த அலுமினியத் தட்டைக் கழற்றி வீசவேண்டாம். உதட்டின் விட்டத்தை அதில் பொறித்து வையுங்கள். திரும்பப் பூட்டும்போது பள்ளத்தை டயல் கேஜால் மையம் பார்த்துக்கொண்டால், அதே மாதிரி மோட்டர் இன்னொன்று வரும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.